லெப்டொப்பில் வைஃபை வரவில்லையா? எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பின்னேரம் பிள்ளையின் சூம் கிளாஸ் தொடங்கப் போகும் நேரம் "வைஃபை வேலை செய்யுதில்லை" என்று ஒரு சத்தம் கேட்டால், கொழும்பில் அநேகமான ஃப்ளாட்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான். அம்மா ரவுட்டரை ஓஃப் பண்ணுவார், அண்ணா லெப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணுவார், அப்பா கம்பனி ஹொட்லைனுக்குக் கோல் எடுப்பார், எல்லாம் ஒரே நேரத்தில். சில வேளை சரிவரும். ஆனால் எது சரிப்படுத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே அடுத்த கிழமை அதே பிரச்சினை வந்தால் திரும்பவும் முதலிலிருந்துதான். சரிவராவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் இப்போது ஒன்றுக்கு மூன்று விஷயம் மாறியிருக்கும்.

இதற்கு நெட்வேர்க் படித்திருக்கத் தேவையில்லை. உங்கள் லெப்டொப்புக்கும் நீங்கள் திறக்க நினைக்கும் இணையதளத்துக்கும் இடையில் பாதை ஒன்று அல்ல, ஒன்றோடொன்று கோத்த சில துண்டுகள் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும். லெப்டொப்பிலிருந்து ரவுட்டர் வரை ரேடியோ அலை. ரவுட்டரிலிருந்து சேவை தரும் கம்பனி வரை ஃபைபரோ, செப்புக் கம்பியோ, 4ஜியோ. அங்கிருந்து வெளியுலகம். வைஃபை என்பது இதில் முதல் துண்டு மட்டும்தான். திரையின் கீழ் மூலையில் வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது என்றால் முதல் துண்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. குளியலறைக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாய் பிழையா, மொட்டைமாடித் தாங்கி காலியா, சபையிலிருந்தே தண்ணீர் நிற்பாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்போம் அல்லவா, குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்போம். இங்கேயும் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே லெப்டொப்பில் கை வைக்க முதல் போனை எடுங்கள். அதே வைஃபையில் போனை இணைத்து ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். ஒரு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம்: போனில் மொபைல் டேட்டாவை ஓஃப் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இப்போதைய போன்கள் வைஃபையில் இணையம் வரவில்லை என்று தெரிந்தால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், நீங்களோ "போனில் வைஃபை நல்லா வேலை செய்யுது, லெப்டொப்தான் பழுது" என்று முடிவுகட்டிவிட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். அந்த ஒரு பொத்தானால் கனபேர் வீணாக அலைந்திருக்கிறார்கள்.

போனிலும் வரவில்லை என்றால் பிரச்சினை லெப்டொப்பில் இல்லை. போனில் வருகிறது, லெப்டொப்பில் மட்டும் இல்லை என்றால் ரவுட்டரையும் கம்பனியையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். பாதி வேலை இவ்வளவில் முடிந்துவிட்டது.

எதிலுமே வராவிட்டால் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் பிஓஎன், எல்ஓஎஸ் என்று ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு விளக்குகள் இருக்கும். பிஓஎன் பச்சையாக நிலைத்து எரிந்தால் கம்பனியோடு தொடர்பு இருக்கிறது. எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ ஃபைபருக்குள்ளால் வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம், அதை லெப்டொப்பிலிருந்து எவராலும் திருத்த முடியாது. வீடு கூட்டும்போது அந்த மெல்லிய கேபிள் இழுபட்டதா, அலுமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். கண்ணாடி இழை என்பதால் கடுமையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கேபிளைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். நுனியை விரலால் தொடவும் வேண்டாம், தூசு பட்டாலே சிக்னல் குறையும்.

விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தும் வரவில்லை என்றால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யலாம். பிளக்கைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு, திரும்பக் கொளுவி, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ரவுட்டரும் ஒரு குட்டிக் கணினிதான். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனும் டிவியும் திறந்து வைத்திருக்கும் தொடர்புகளை எல்லாம் அது ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது, மாதக்கணக்கில் ஓடும்போது நினைவகம் நிறைந்து திணறுவது உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் அந்தப் பட்டியல் அழிந்து புதிதாகத் தொடங்கும், அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை தடவை பலிக்கிறது. ஆனால் பின்பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, அதைத் தயவுசெய்து குத்த வேண்டாம். அது ரீஸ்டார்ட் அல்ல, ரீசெட். கம்பனி உள்ளே போட்டுத் தந்த செட்டிங்ஸ் சேர்த்து எல்லாம் அழிந்துபோகலாம், அப்புறம் ஆள் வரும்வரை இணையம் இல்லாமல் இருக்க வேண்டியதுதான்.

பெக்கேஜையும் பாருங்கள். மாதக் கடைசியில் டேட்டா முடிந்ததும் சில பெக்கேஜ்களில் இணைப்பு நிற்காது, வேகம் மட்டும் தவழுகிற அளவுக்குக் குறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகாது. இதைப் பழுது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பதைவிடக் கம்பனியின் அப்பைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது சுகம்.

2022-ல் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் பல வீடுகளில் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினார்கள், அது இன்னும் அங்கேயே தொங்குகிறது. ரவுட்டர் தானாக அடிக்கடி நின்று நின்று வருகிறது என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். பற்றரி கிழடாகிவிட்டால் வோல்ட் சரியாக வராது. யூபிஎஸ்ஸைக் கழற்றி, ரவுட்டரோடு வந்த அடப்டரை நேரடியாகச் சுவரில் கொளுவி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். புதிதாக வாங்கும்போதும் ரவுட்டரின் அடியில் 12 வோல்ட் என்று இருந்தால் 12 வோல்ட் தருவதைத்தான் வாங்க வேண்டும்.

சரி, போனில் வருகிறது, லெப்டொப்பில்தான் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

லெப்டொப்பில் ஒரு நெட்வேர்க் பெயர்கூடத் தெரியவில்லை, பக்கத்து வீடுகளின் பெயர்களும் இல்லை என்றால் அதன் ரேடியோவே வேலை செய்யவில்லை. முதலில் ஏரோபிளேன் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படமோ அலை வீசும் கோபுரப் படமோ போட்ட விசை இருக்கும், பிள்ளைகள் கை பட்டாலே போதும், அது ஓன் ஆகிவிடும். சில பழைய லெப்டொப்களில் வைஃபைக்கென்று விளிம்பில் ஒரு தனிச் சுவிட்சே உண்டு.

அதெல்லாம் சரி என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட்டவுன் அல்ல. வின்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஓன் ஆக இருந்தால், நீங்கள் ஷட்டவுன் செய்யும்போது கணினி தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி போடும்போது அதே நிலையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் குழம்பிப்போயிருந்தால், அதுவும் குழம்பியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுமையாகத் தொடக்கத்திலிருந்து ஏறும். "ஓஃப் பண்ணிப் போட்டும் சரிவரேல்ல" என்று சொல்பவர்களுக்கு ரீஸ்டார்ட்டில் சரிவருவதன் காரணம் இதுதான்.

அப்போதும் வராவிட்டால் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள், நெட்வேர்க் அடப்டர்ஸ் என்ற பகுதியை விரித்தால் வைஃபை கார்டின் பெயர் இருக்கும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரில் சிக்கல். கார்டை வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் அநேகமாக வின்டோஸ் தானாகத் திரும்பப் போட்டுக்கொள்ளும். புது டிரைவர் வேண்டுமென்றால் லெப்டொப் தயாரித்த கம்பனியின் சொந்தத் தளத்தில், உங்கள் மொடல் இலக்கத்துக்கு உரியதை மட்டும் எடுங்கள், 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருட்களின் பக்கம் போகாதீர்கள். இணையமே இல்லாதபோது எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். போனை யூஎஸ்பி கேபிளால் லெப்டொப்பில் கொளுவி, அன்ட்ரொய்ட் போனின் ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஓன் செய்யுங்கள். வைஃபை கார்டே இல்லாமல் போனின் இணையம் கேபிளால் வந்துவிடும். இந்த வழி தெரிந்திருந்தால் ஆபத்துக்கு உதவும், பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று முக்கியமாக.

பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிகிறது, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை என்றால் கதை வேறு. பெரும்பாலான ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும்: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். மலிவான, பழைய லெப்டொப்கள் சிலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். யாரோ ரவுட்டரில் 2.4-ஐ நிறுத்தியிருந்தால் அந்த லெப்டொப்புக்கு உங்கள் வீட்டில் வைஃபையே கிடையாது. 5 கிகாஹேர்ட்ஸிலும் சில சனல்களை, அதாவது அலைவரிசைக்குள் பிரித்த சில பாதைகளை, ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் அந்தச் சனலில் இயங்கும் ரவுட்டர் கரண்ட் வந்தவுடன் பேசத் தொடங்காது, குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு ரேடார் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் பெயரைக் காட்டும். கரண்ட் போய் வந்த கையோடு பெயர் தெரியவில்லை என்று பதறத் தேவையில்லை.

பெயர் தெரிகிறது, ஆனால் உள்ளே விடுகிறதில்லை என்றால் பாஸ்வேர்டை வடிவாகத் தட்டிப் பாருங்கள், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ரவுட்டரில் பாஸ்வேர்ட் மாறியிருந்தால் லெப்டொப் பழையதையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நெட்வேர்க்கை ஃபொர்கெட் கொடுத்து அழித்துவிட்டுப் புதிதாகச் சேர வேண்டும்.

இனி வருவதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது: இணைந்துவிட்டது, குறி முழுதாக இருக்கிறது, கீழே 'நோ இன்டர்நெட்' என்று எழுதியிருக்கிறது. இந்த இடத்தில் ஆறுதலாக ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நெட்வேர்க்கில் சேர்வது மட்டும் போதாது, அங்கே உங்களுக்கு ஒரு முகவரி வேண்டும். நீங்கள் சேர்ந்தவுடன் ரவுட்டர் ஒரு இலக்க முகவரியைத் தரும், வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய், நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்தால் ஐபிவி4 முகவரி என்று அது தெரியும். அங்கே 169.254 என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருந்தால் ரவுட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை, கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன லெப்டொப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியை வைத்து வெளியே போக முடியாது. வைஃபையை ஓஃப் செய்து ஓன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஃபொர்கெட் கொடுத்துத் திரும்பச் சேருங்கள், அதுவும் இல்லாவிட்டால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒஃபிஸிலிருந்து கொண்டுவந்த லெப்டொப் என்றால் அங்கே யாராவது நிலையான முகவரி ஒன்றைக் கையால் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முகவரி தரும் முறை ஓட்டோமெட்டிக் என்று இருந்தால்தான் வீட்டில் வேலை செய்யும்.

முகவரி சரியாக இருக்கிறது, ஆனாலும் வெளியே போகவில்லையா? அப்போது பிங் என்ற கட்டளை உங்களுக்குக் கைகொடுக்கும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், இதைவிட லேசான பரிசோதனை வேறு இல்லை. ஸ்டார்ட்டை அழுத்தி சிஎம்டி என்ற மூன்று எழுத்தையும் ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும். என்டர் தட்டினால் லெப்டொப் நான்கு தடவை ரவுட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று காட்டும். பதில் வந்தால் முதல் துண்டு நல்லம். அடுத்து அதே மாதிரி 8.8.8.8-ஐக் கூப்பிடுங்கள், அது கூகுளின் சேர்வர், வெளியுலகத்தில் இருக்கிறது. அதற்கும் பதில் வந்தால் கம்பனிவரைக்கும் அதற்கு அப்பாலும் பாதை திறந்திருக்கிறது. மூன்றாவதாக இலக்கத்தை விட்டுவிட்டு ஏதாவது பிரபலமான ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்றால் பிரச்சினை உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையில். ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லை என்றால், போனிலோ இணையம் வருகிறது என்றால், லெப்டொப்பில் ஏதோ ஒன்று வழிமறிக்கிறது: ஓன் ஆகவே விட்டுவிட்ட விபிஎன் (உங்கள் இணையத் தொடர்பை வேறொரு சேர்வர் வழியாகத் திருப்பிவிடும் மென்பொருள்), அல்லது காலாவதியான அன்டிவைரஸ் ஒன்றின் ஃபயர்வோல். இரண்டையும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். இலக்கத்துக்குப் பதில் வருகிறது, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் பிழை. தளங்களுக்குப் பெயர் வைத்திருப்பது நமக்காக, கணினிகளுக்கு இலக்கம்தான் வேண்டும், பெயரைக் கொடுத்தால் இலக்கம் சொல்லும் வேலையை டிஎன்எஸ் சேர்வர்கள் செய்கின்றன. வழக்கமாகக் கம்பனியின் டிஎன்எஸ்தான் பயன்படும், அது மக்கர் செய்தால் வைஃபை ப்ரொப்பர்ட்டீஸில் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8 என்றோ, கிளவுட்ஃபிளேயரின் 1.1.1.1 என்றோ மாற்றலாம். முதலாவதைக் கூகுள் 2009-லிருந்தும் இரண்டாவதைக் கிளவுட்ஃபிளேயர் 2018-லிருந்தும் இலவசமாக நடத்துகின்றன. ஒஃபிஸ் லெப்டொப்பில் மட்டும் ஐடி ஆட்களைக் கேட்காமல் இதை மாற்ற வேண்டாம், ஒஃபிஸின் உள் தளங்கள் திறக்காமல் போகலாம்.

மூன்று பிங்கும் நன்றாக இருந்து பிரவுசர் மட்டும் எல்லாத் தளத்துக்கும் 'பாதுகாப்பில்லை' என்று சொன்னால் கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். கனநாள் பாவிக்காமல் வைத்திருந்த லெப்டொப்பில் திகதி சில வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு, லெப்டொப்பின் கடிகாரம் பிழைத்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத்தான் தெரியும். நேரத்தைத் திருத்தினால் போதும். கோப்பிக் கடை, ஹோட்டல் வைஃபையில் 'நோ இன்டர்நெட்' வந்தால் பெரும்பாலும் ஒரு லொகின் பக்கம் திறக்கக் காத்திருக்கிறது, விபிஎன்னை ஓஃப் செய்துவிட்டுத் திரும்ப இணைந்தால் அது வரும்.

கடைசி வகை, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான், ஏனென்றால் இதற்குத்தான் ஆட்கள் தேவையில்லாமல் காசு செலவழிக்கிறார்கள்: இணையம் வருகிறது, ஆனால் இழுக்கிறது, விட்டு விட்டு அறுகிறது. உடனே பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறார்கள். வீட்டுக்குள் அலை நெரிசலில் மாட்டியிருக்கும்போது எவ்வளவு பெரிய பெக்கேஜ் எடுத்தாலும் ஒரு பயனும் இல்லை.

நெரிசல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெள்ளவத்தையில் ஒரு ஆறுமாடி ஃப்ளாட்டில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், மேல்வீடு, கீழ்வீடு, எதிர்க்கட்டிடம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் பொதுவாகப் பதின்மூன்று சனல்கள் என்று கணக்கு, ஆனால் ஒரு சனலுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ்தான், வைஃபை சிக்னலுக்கோ 20 மெகாஹேர்ட்ஸ் அளவுக்கு இடம் வேண்டும். அதனால் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பது வைஃபையின் அடிப்படை விதி. மற்றவர் பேசி முடிக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கருவி பேசும். அந்த மற்றவர் உங்கள் வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை, மேல்மாடி அங்கிள் கிரிக்கெட் பார்த்தாலும் உங்கள் லெப்டொப் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சிக்னல் முழுதாகக் காட்டியும் வேகம் இல்லாததற்குக் காரணம் இதுதான். 5 கிகாஹேர்ட்ஸில் சனல்கள் கனக்க இருக்கின்றன, சுவர் தாண்டுவதிலும் அது பலவீனம் என்பதால் பக்கத்து வீட்டு அலைகள் உங்களிடம் குறைவாகத்தான் வந்து சேரும். ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்து வேலை செய்பவர்கள் 5-க்கு மாறுங்கள், பல ரவுட்டர்களில் பெயரின் பின்னால் '5ஜி' என்று இருப்பது அதுதான், போனின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கொங்கிறீற் சுவர் தாண்டிய பின்னறைக்கு 2.4 தான் போய்ச் சேரும்.

2.4-ல் வேறு இடைஞ்சல்களும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான், சாப்பாடு சூடாக்கும் நேரம் பார்த்து மட்டும் சூம் அறுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். புளூடூத்தும் அங்கேதான். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும்கூட அந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், லெப்டொப்பின் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கம்பனியிலிருந்து வந்த தம்பி கேபிளுக்குத் துளை போட வசதியான இடத்தில், அதாவது வாசல் பக்கம் டிவிக்குப் பின்னால், கொளுவிவிட்டுப் போயிருப்பார். அதன் முன்னால் டிவி, பக்கத்தில் இரும்பு அலுமாரி, அடுத்தது குளியலறைச் சுவர். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும், பெரிய கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். கேபிள் எட்டும் மட்டும் வீட்டின் நடுப்பக்கம் கொண்டுவந்து, திறந்த இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். எதையும் வாங்க முதல் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இதிலும் எந்தத் துண்டு என்று பிரித்துப் பார்க்கலாம். லெப்டொப்பை ரவுட்டரின் பக்கத்தில் கொண்டுபோய் வேகத்தை அளவிடுங்கள். அங்கே நன்றாக இருந்து அறையில் மோசமாக இருந்தால் தூரமும் சுவரும்தான் காரணம். பக்கத்திலும் மோசம் என்றால் லான் கேபிள் ஒன்றை ரவுட்டரிலிருந்து லெப்டொப்பில் கொளுவிப் பாருங்கள். கேபிளில் வேகம் வந்தால் வைஃபையில் பிரச்சினை, கேபிளிலும் வராவிட்டால் கம்பனியில் அல்லது ரவுட்டரில். ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் செய்து 2, 3, 2, 400, பிறகு பதிலே இல்லை என்று இலக்கம் துள்ளினாலும் அது வீட்டுக்குள்ளான பிரச்சினைதான், ஹொட்லைனுக்கு எடுத்துப் பயனில்லை. மக்புக் வைத்திருப்பவர்கள் ஒப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைக் கிளிக் செய்தால் ஆர்எஸ்எஸ்ஐ என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் மறை எண் ஒன்று தெரியும். -50 என்றால் மிக நல்லது, -67 அளவில் வீடியோ கோல் தாங்கும், -80 என்றால் அந்த இடத்தில் இருந்து பயனில்லை.

வைஃபை சிக்னலை வாங்கித் தூரத்துக்கு நீட்டும் எக்ஸ்டென்டர் வாங்குபவர்கள் அதைச் சிக்னல் இல்லாத அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். தனக்கே சிக்னல் கிடைக்காத கருவி எதை நீட்டும்? நடுவழியில், நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கேட்பதும் திருப்பி அனுப்புவதும் ஒரே ரேடியோவில் செய்யும் மலிவான வகைகளில் வேகம் பாதியாகும். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தால் பின்னறைக்கு ஒரு லான் கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பொயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பதுதான் நான் பரிந்துரைப்பது, ஒருமுறை செய்தால் வருடக்கணக்கில் கவலையில்லை.

கொஞ்ச நேரம் பாவிக்காமல் விட்டால் மட்டும் இணைப்பு அறுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற தெரிவில் இருக்கும் சரிக் குறியை எடுத்துவிடுங்கள். எல்லா லெப்டொப்பிலும் அந்தப் பகுதி இருக்காது.

நெட்வேர்க் ரீசெட் என்பதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். வின்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வேர்க், அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செட்டிங்ஸ் என்று போனால் அடியில் இருக்கும். அது எல்லா நெட்வேர்க் கார்டையும் கழற்றித் திரும்பப் போட்டு எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும், சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் செட்டிங்ஸும் போய்விடும். அழுத்த முதல் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியவில்லை, டிவைஸ் மேனேஜரில் கார்டே தெரியவில்லை என்றால் இது கருவிப் பழுதாக இருக்கலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகிறவர்கள் கடையில் "வைஃபை வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொல்லாமல், போனில் வருகிறது, கார்டு தெரியவில்லை, யூஎஸ்பி டெதரிங்கில் இணையம் வருகிறது என்று சொல்லுங்கள், அண்ணாமாருக்கு அதுவே பாதி வேலையைக் குறைக்கும். பல லெப்டொப்களில் வைஃபை கார்டு கழற்றி மாற்றக்கூடிய சின்னத் துண்டுதான், முழு மதர்போர்டையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் இன்னொரு கடையிலும் கேளுங்கள். அவசரத்துக்கு யூஎஸ்பியில் கொளுவும் வைஃபை அடப்டரும் போதும், வாங்கும்போது 5 கிகாஹேர்ட்ஸும் பிடிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீனோ ஹிஞ்சோ மாற்றக் கொடுத்த லெப்டொப் திரும்பி வந்ததிலிருந்து சிக்னல் குறைந்திருக்கிறது என்றால் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலான லெப்டொப்களில் அன்டெனா கம்பிகள் திரையின் ஓரத்தால் ஓடி ஹிஞ்ச் வழியாகக் கார்டுக்கு வருகின்றன, திரும்பப் பூட்டும்போது அந்த இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்றைக் கொளுவ மறந்திருப்பார்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் கடையை விட்டு வெளியே வர முதல் அங்கேயே வைஃபை பட்டியலைத் திறந்து, தூரத்துக் கடைகளின் பெயர்களும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.